கண்ணாடியில் எழுதிய நேரம்

…ஒட்டவும் இல்லை, தொங்கவும் இல்லை, அந்தரத்தில் நிற்கிறது எழுத்து, பச்சை எழுத்து, அதற்குப் பின்னால் இருட்டில் நட்சத்திரம், இதென்ன கண்கட்டு வித்தையா என்று பேயாண்டி விரலை நீட்டினான், ‘தொட்ராதீங்கண்ணே, கைரேகை விழுந்தா வானமே எண்ணெய்ப் பிசுக்காயிரும்’ என்று வெளியிலிருந்து குரல் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரன் கண்ணுச்சாமி, அவனியாபுரத்தில் ரேடியோ, டி.வி. ரிப்பேர்க் கடை வைத்திருப்பவன், சித்திரைப் பொருட்காட்சிக்காகத் தமுக்கம் மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டு, உள்ளே பிளைவுட்டில் ஒரு ராக்கெட் மண்டையைச் செய்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து, ‘விண்வெளிக்குப் போய் வாருங்கள், நான்கே நிமிடம்’ என்று போர்டு மாட்டியிருந்தான். போன வருஷம் நம் நாட்டுக்காரர் ஒருவர் ரஷ்யாக்காரர்களோடு மேலே போய்விட்டு வந்ததிலிருந்து ஊரில் ராக்கெட் என்றால் கூட்டம் கூடுகிறது. பேயாண்டிக்கு ராக்கெட்டில் ஆசை ஒன்றும் கிடையாது. வீட்டில் உட்கார முடியவில்லை, நின்றால் நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் எங்கே போகிறோம் என்று கேட்கத் தோன்றுகிறது, ‘வாங்க, வெளிய போயிட்டு வருவோம், இப்படிக் கூட்டுக்குள்ளயே சுத்துனா நாளைக்கு சீக்கிரம் விடிஞ்சிருமா’ என்று மனைவி மாயக்காள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். நாளைக்கு விடியும். விடிந்தால் பதினோரு மணிக்குக் கோர்ட்டு. இப்போது மணி ஐந்தேகால்… பதினேழே முக்கால் மணி நேரம் இருக்கிறது, ஏன் இதை எண்ணுகிறோம், எண்ணாமல் இருக்கவே தெரியாதா நமக்கு?

சீட்டு லாரி சீட்டு. உட்கார்ந்த நொடியிலேயே இடுப்பு சொல்லிவிட்டது, ஸ்பிரிங் இறங்கிய இடது மூலை, ரெக்சின் கிழிசலில் எட்டிப் பார்க்கும் தேங்காய் நார், எந்தப் பழைய சாமான் கடையில் பிடித்தானோ. இப்படி ஒரு சீட்டு கிடைத்து மூன்றரை மாதமாகிறது. தை மாதம் லைசென்ஸைப் பிடித்து வைத்ததிலிருந்து வீட்டுப் பெஞ்சு, டீக்கடைப் பெஞ்சு, வக்கீல் ஆபீஸ் பெஞ்சு, எல்லாம் அசையாத பெஞ்சு… பதினாறு வருஷம் மதுரை–உசிலம்பட்டி ரூட்டில் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே ஓடியவனுக்கு, ஓடாமல் உட்காருவது காய்ச்சல் மாதிரி, உடம்பெல்லாம் ஒரு குறுகுறுப்பு, பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் கால் தரையைத் தேய்க்கிறது. மாயக்காள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை, அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போதுகூடப் பக்கவாட்டில் கறுப்புத் திரை ஓரமாக நின்று பெரிய டெல்லி அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், நொறுக் நொறுக்கென்று அது ஒன்றுதான் சத்தம். கண்ணுச்சாமி குனிந்து உள்ளே தலையை விட்டு விளக்கம் சொல்கிறான், வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப் போன விளக்கம். கீழ ஒரு டி.வி. மல்லாக்கப் படுத்திருக்குண்ணே, எங்கண்ணன் சிங்கப்பூர்ல இருந்து குடுத்துவிட்ட கம்ப்யூட்டரு அதுல எழுதுது, அது இந்தச் சாய்ச்சு வச்ச கண்ணாடியில விழுந்து உங்க கண்ணுக்கு வருது, நடுவுல ஒரு லென்சு, அதனால எழுத்து ரொம்பத் தூரத்துல நிக்கிற மாதிரி இருக்கும். சண்டை விமானத்துல இப்படித்தான் வச்சிருக்கான், தலையைக் குனிஞ்சு மீட்டரைப் பாக்குற சோலியே இல்லை, வெளியயும் பாத்துக்கிறலாம், நேரத்தையும் பாத்துக்கிறலாம். ‘எம்புட்டுப் பெரிய மூளை பாருங்க வெள்ளைக்காரனுக்கு’ என்றான்.

பேயாண்டிக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் என்னடா வெள்ளைக்காரன், இதை நான் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே வைத்தாயிற்று, டி.வி. இல்லாமல், லென்சு இல்லாமல், சிங்கப்பூர் அண்ணன் இல்லாமல், ஒரு டப்பி சுண்ணாம்பில். வெற்றிலை போடுகிற டிரைவர் எல்லோரிடமும் டப்பி உண்டு, யாருக்காவது தோன்றியதா? வண்டி எடுக்குமுன் கட்டை விரலில் சுண்ணாம்பைத் தொட்டு, முன் கண்ணாடியின் உள்பக்கம், தன் கண் மட்டத்துக்குச் சற்று இடதுபுறம், ஐந்து ஊர், ஐந்து நேரம். காளவாசல் ஆறரை, நாகமலை ஆறு நாற்பத்திரண்டு, செக்கானூரணி ஆறு ஐம்பத்தெட்டு, கருமாத்தூர் ஏழு எட்டு, வாலாந்தூர் ஏழு இருபது. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஸ்டியரிங்கின் குறுக்குக் கம்பியில் கட்டிவிட்டால் முடிந்தது, முன்னால் போகிற வண்டிக்காரன் எங்கே இருக்கிறான், எந்த ஸ்டாப்பில் எத்தனை பேரைத் தனக்கு விட்டுவைத்திருப்பான், எல்லாம் அந்த வெள்ளை எழுத்திலேயே தெரியும். பேப்பரில் எழுதி ஒட்டினால் ரோட்டை மறைக்கும், சுண்ணாம்பு மறைக்காது, எழுத்துக்கு ஊடாக ரோடு தெரியும், மரம் தெரியும், மாடு தெரியும். ‘என்னண்ணே, பரீட்சைக்குப் பிட்டு எழுதிட்டு வந்த மாதிரில இருக்கு’ என்று கண்டக்டர் சோணைமுத்து கேலி பண்ணுவான், ஆனால் முதலாளி மற்ற டிரைவர்களிடம் ‘டைம் பேயாண்டியைப் பாத்துப் படிங்கடா’ என்றுதான் சொல்வார். டைம் பேயாண்டி. செக்கானூரணி டீக்கடைக்காரன் தன் கடிகாரத்தைப் பேயாண்டி வண்டியைப் பார்த்துத் திருத்துவான்… இப்போது யாரைப் பார்த்துத் திருத்துகிறானோ.

‘ரெடியாண்ணே? மேல ஓடுறது நேரம். இடது பக்கம் வேகம், வலது பக்கம் தூரம். நடுவுல வளையம் இருக்குல்ல, அதுக்குள்ள ஒரு கூட்டல் குறி, அது வளையத்தை விட்டு வெளிய போகக் கூடாது. வேகம் நாப்பதைத் தாண்டக் கூடாது. அந்தா கடைசியில விளக்கு எரியுதுல்ல, அதுதான் விண்வெளி நிலையம், நேரம் முடியிறப்ப தூரம் சைபராகி அதுல போய் முட்டாம ஒட்டணும், அம்புட்டுதான்.’ கதவுப் பலகையைச் சாத்தினான். அப்போதுதான் திரை ஓரத்திலிருந்து மாயக்காள், வாயில் அப்பளத்தோடு, பதினாறு வருஷமாகக் காலையில் வாசலில் நின்று சொல்கிற அதே நாக்கில், ‘பாத்து ஓட்டுங்க’ என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் நொறுக்கென்ற சத்தம் நின்றுபோனது. மூன்றரை மாதமாக அவள் விழுங்கி வைத்திருந்த வார்த்தை. எங்கே போய், எந்த நேரத்தில் வாயை விட்டு விழுகிறது பார்… சரி விடு, பழக்கம், அவள் என்ன செய்வாள், பார்த்துத்தானே ஓட்டினேன், பார்க்காமலா ஓட்டினேன்?

மோட்டார் உறுமியது, பெட்டி நாலு ஸ்பிரிங்கின் மேல் லேசாகத் தள்ளாடியது, கறுப்புத் துணியில் குத்திய ஓட்டைகளுக்குள் வெளிச்சம் நகர்ந்து நட்சத்திரமெல்லாம் பின்னால் ஓட ஆரம்பித்தது. முன்னால் ஒரு இரும்புப் பிடி, கியர் ராடு மாதிரி, அதைப் பிடித்ததும் வலது கட்டை விரலின் உள்பக்கத் தழும்பு அதன் உச்சியில் போய்ச் சரியாக உட்கார்ந்தது, அன்றைக்கு முன் கண்ணாடி கீறிய தழும்பு, ஆறிவிட்டது, ஆனால் எதையாவது இறுக்கிப் பிடித்தால் ஞாபகப்படுத்தும். கூட்டல் குறி வலதுபுறம் சாய்கிறது, இழு, இடதுபுறம் போகிறது, விடு, ஆங், அவ்வளவுதான், இது ஒன்றும் கஷ்டமில்லை, குறியைத் துரத்தக் கூடாது, அது போகப்போகிற இடத்துக்கு நாம் முன்னால் போய் நிற்க வேண்டும். வேகம் முப்பத்தாறு, தூரம் எண்ணூறு, நேரம் மூன்று நிமிஷம் நாற்பது வினாடி. மனசு தானாகக் கணக்குப் போடுகிறது, இந்த வேகத்தில் போனால் பத்து வினாடி பிந்தும், இரண்டு கூட்டு, முப்பத்தெட்டு, பிந்தினால் பிடிக்காது நமக்கு. அன்றைக்கு ஆறு நிமிஷம் பிந்தியது. போடி ரயிலுக்குக் கேட்டைச் சாத்திவிட்டான், ரயில் வந்தபாடில்லை, கண்ணாடியில் நாகமலை ஆறு நாற்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறது, கடிகாரம் ஆறு நாற்பத்தெட்டு என்கிறது, அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆறு நிமிஷம் பல்லில் சிக்கிய பாக்குத் துணுக்கு மாதிரி, நாக்கு அதையேதான் போய்ப் போய்த் தொடும். செக்கானூரணியில் ஐந்து நிமிஷமாகக் குறைத்தேன், கருமாத்தூரில் இரண்டு. சோணைமுத்து விசிலை ஒரே மூச்சில் ஊதிக்கொண்டு வந்தான், ‘இன்னும் ரெண்டுதாண்ணே, வாலாந்தூர்ல கரெக்டாயிரும்.’

வேகம் முப்பத்தெட்டு, தூரம் ஐந்நூற்று இருபது, குறி நடுவில், அசையவில்லை, எப்படி நிற்கிறது பார், ஆணி அடித்த மாதிரி. வாலாந்தூருக்குப் பிரியும் விலக்குக்கு முன்னால் நேர் ரோடு, இரண்டு பக்கமும் புளிய மரம், மேற்கே பார்த்துப் போகிறோம், காலை வெயில் முதுகுப் பக்கம்… வெயில் முதுகுப் பக்கம் என்றால் கண் கூசாது, ரோடு விளக்குப் போட்ட மேடை மாதிரித் தெரியும், இதை ஏன் இப்போது நினைக்கிறோம், வக்கீல் இதைக் கேட்கவே இல்லையே. வக்கீல் கேட்டதெல்லாம் ஒரே ஒரு வரி. ‘இங்க பாருப்பா, சுத்தி வளைக்காத. சைக்கிள் திடீர்னு குறுக்க வந்துச்சு, கையைக் காட்டலை. இந்த ஒரு வரியைச் சொல்லு, கண்டக்டர் போன வாய்தாவுலேயே சொல்லிட்டான், நீயும் சொன்னா லைசென்ஸு உன் பையில.’ திடீர்னு குறுக்க வந்துச்சு. மூன்றரை மாதமாகக் குளிக்கும்போது, சாப்பிடும்போது, திரும்பிப் படுக்கும்போது சொல்லிப் பார்க்கிற வரி, சொல்லச் சொல்ல அது வழவழப்பாகிவிட்டது, பிடித்தால் நழுவுகிறது. சைக்கிளில் வந்த பால்காரன் சங்கிலி வேறு மாதிரிச் சொல்கிறான். ‘நான் கையை நீட்டிட்டு அஞ்சாறு மிதி மிதிச்சு அப்புறந்தான்யா திரும்புனேன்’ என்று கட்டிலில் படுத்துக்கொண்டு போலீஸிடம் சொன்னானாம், காலுக்குள் இரும்புப் பட்டை வைத்திருக்கிறார்கள், இனிமேல் சைக்கிள் மிதிக்க முடியாதாம். ஏன் பொய் சொல்கிறான்? வலிக்கிறவன் பொய் சொல்வானா, வலிக்கிறவன்தான் சொல்வான், யார் கண்டது. கை நீட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதா? பதினாறு வருஷம். ஆட்டுக்குட்டி காதை அசைத்தால் தெரியும் எனக்கு. தூரம் நூற்று ஐம்பது, நேரம் நாற்பது வினாடி, வேகத்தைக் குறை, முப்பது, இருபது, குறி நடுவில், குறி நடுவில், தூரம் முப்பது, நேரம் எட்டு, தூரம் பத்து… சைபர். சைபர். இரண்டு சைபரும் ஒன்றாக விழுந்தன.

மணி கணகணவென்று அடித்தது. கதவுப் பலகையைத் திறந்த கண்ணுச்சாமியின் முகமெல்லாம் பல். ‘என்ன வேலை பாக்குறீகண்ணே? நூத்துக்குத் தொண்ணூத்தாறு. இந்தப் பொருட்காட்சியிலேயே நீங்கதான் மொதோ ஆளு, காலேஜுப் பயலுக அறுபதைத் தாண்டலை.’ பேயாண்டிக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது, மூன்றரை மாதத்தில் முதல் தடவையாக. பார்த்தாயா, கையும் போகவில்லை, கண்ணும் போகவில்லை, நாளைக்கு இதே மாதிரி நிமிர்ந்து நின்று அந்த வரியைச் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டியதுதான். ‘டிரைவருப்பா நான்’ என்றான். ‘அதான பாத்தேன்… சரிண்ணே, ஒண்ணே ஒண்ணு, எல்லாத்துக்கிட்டயும் கேக்குறதுதான். நடுவுல ஒரு ஆளு குறுக்க போனாரே, பாத்தீகளா?’

ஆளா? எந்த ஆள்? வானத்தில் என்ன ஆள்? ‘யாரும் வரலையே.’ சொன்ன குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. கண்ணுச்சாமி தொடையைத் தட்டிச் சிரித்தான், இந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் கடையே போட்டிருக்கிறான் போல. ‘போனாருண்ணே. வெள்ளிச் சட்டை போட்டுக்கிட்டு, உங்களுக்கு நேரா முன்னால, நிலையத்துக்கும் உங்களுக்கும் நடுவுல.’ சும்மா கதை விடாத தம்பி, நாலு நிமிஷமும் கண்ணைச் சிமிட்டாமல் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு ஈ போயிருந்தால்கூடத் தெரிந்திருக்கும், யாரை ஏமாற்றுகிறாய் என்று பேயாண்டி எழுந்தபோது, திரை ஓரத்திலிருந்து மாயக்காள் அப்பளத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, ‘ஏங்க, போனாகளே, நான் பாத்தேனே’ என்றாள். வெகு சாதாரணமாக, பஸ் வந்துவிட்டது என்று சொல்வதுபோல. ‘இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மெதுவாப் போனாக. ஒரு கையை இப்படித் தூக்கிக்கிட்டு.’ கையைத் தூக்கிக் காட்டினாள். வலது கை. பக்கவாட்டில், தோள் மட்டத்தில்.

அந்தக் கை அப்படியே நின்றது. அவள் கீழே இறக்கிவிட்டாள், ஆனால் அவனுக்கு அது நின்றுகொண்டுதான் இருந்தது… சும்மா இரு, உனக்கு என்ன தெரியும். இது ஏதோ சூழ்ச்சி, அவன் சொல்லிக் கொடுத்து இவள் சொல்கிறாள், இல்லை, இவள் நின்ற இடத்திலிருந்து வேறு எதுவோ தெரிந்திருக்கும். ‘இன்னொரு தடவை ஓட்டு’ என்றான். ‘டிக்கெட்டு வேணாம்ணே, தொண்ணூத்தாறு எடுத்த ஆளுக்கு ஓசிதான். இந்தத் தடவை எழுத்தை அணைச்சிட்டு ஓட்டுறேன், சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருங்க.’ பச்சை எழுத்து பொசுக்கென்று போயிற்று. வளையம் இல்லை, குறி இல்லை, நேரம் இல்லை. வெறும் கண்ணாடி. கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பிடியை விட்டுவிட்டுத் தொடையில் வைத்துக்கொண்டான், கோர்ட்டில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. நட்சத்திரம் ஓடியது, கடைசியில் விளக்கு எரிந்தது, அப்புறம் இடது பக்கத்திலிருந்து வந்தான் அந்த ஆள்.

துணிக்கடைப் பொம்மை. ஒன்றரை முழ உயரம், சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளைச் சுற்றி, தலையில் ஒரு பல்பைக் கட்டி, கம்பியில் தொங்கவிட்டு, கண்ணுச்சாமி வெளியிலிருந்து நூலைப் பிடித்து இழுக்கிறான், கிரீச் கிரீச்சென்று சத்தம் வேறு, அந்தச் சத்தத்தையும் அல்லவா கேட்காமல் இருந்திருக்கிறேன். ஒரு கை தூக்கியபடி. திடீரென்று வரவில்லை. அதுதான்… திடீரென்று வரவே இல்லை. ஓரத்தில் தெரிந்தான், நகர்ந்தான், நடுவுக்கு வந்தான், அங்கே கொஞ்சம் ஆடி நின்றான், மறுபடி நகர்ந்தான். பேயாண்டி தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தான், ஒன்று, இரண்டு, மூன்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேரும்போது பதினான்கு. பதினான்கு எண்ணிக்கை. அந்தப் பதினான்கிலும் கண் அவன் மேல்தான் இருந்திருக்கிறது, வளையம் அவன் நெஞ்சில்தான் விழுந்திருக்கும், கூட்டல் குறி அவன் சட்டைப் பையில். அதற்கு ஊடாகப் பார்த்துக்கொண்டே… அஞ்சாறு மிதி என்று சொன்னான் சங்கிலி. பால் கேன் இரண்டு பக்கமும் தொங்கும் சைக்கிளை அஞ்சாறு மிதி மிதிக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு மிதிக்கு ஒன்று என்று எண்ணினால் ஆறு. மெதுவாக மிதிப்பான், கேன் நிறைய பால். ஏழு எட்டுகூட ஆகும். வெயில் முதுகுப் பக்கம். அவன் போட்டிருந்தது என்ன சட்டை? தெரியவில்லை, விழுந்த பிறகு போட்டிருந்த சட்டை தெரியும், நீலம், விழுவதற்கு முன்னால் தெரியவில்லை. ஏழு இருபது தெரியும். அந்த ஏழு இருபதின் சுழியில் சுண்ணாம்பு கொஞ்சம் கட்டியாக நின்றது, அதுகூடத் தெரியும்.

பேயாண்டி இறங்கினான். கண்ணுச்சாமி அடுத்த ஆளுக்குச் சீட்டைத் துடைத்துக்கொண்டே பேசினான், அவனுக்கு உற்சாகம், இம்புட்டு அக்கறையாகக் கேட்கிற ஆள் இதுவரை கிடைக்கவில்லை. இன்னைக்கு நாப்பது பேரு ஏறியிருப்பாகண்ணே, பாத்தவுக நாலே பேரு, அதுல ஒரு அம்மா, எனக்குக் கண்ணாடியில எழுத்தே தெரியலைப்பான்னுச்சு, அதுதான் பளிச்சுன்னு பாத்துச்சு, மார்க்கு எம்புட்டுன்றீங்க, சைபரு. நல்லா ஓட்டுறவுகதாண்ணே பாக்க மாட்டாக. ‘ஏன்?’ என்று கேட்டான் பேயாண்டி. ‘அது தெரியலைண்ணே. கண்ணு அங்கதான் இருக்கு. புத்தி எழுத்துல ஒக்காந்துக்கிருது.’ அப்போ யார் மேல தப்பு என்று கேட்க நினைத்தான், கேட்டும்விட்டான். கண்ணுச்சாமி சிரித்தான். ‘தப்பென்னண்ணே, வெளையாட்டு. நெசமான ராக்கெட்டா இருந்தா அந்தாளு போய்ச் சேந்திருப்பான், பொம்மையா இருக்கப் போயி தப்பிச்சான்.’ பின்னால் நின்ற கூட்டமும் சிரித்தது. யாரோ, ‘மாப்ள, எழுத்தைப் பாக்காத, ஆளைப் பாரு, சொல்லிப்புட்டேன்’ என்று உள்ளே ஏறுகிறவனிடம் கத்தினான்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது, ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது, ஒலிபெருக்கியில் காணாமல் போன ஒரு பாட்டியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேயாண்டி வேகமாக நடந்தான், மாயக்காள் பின்னாலேயே, ‘மெதுவாப் போங்களேன், எங்க ஓடுறீக’ என்று வந்தாள். எங்கே ஓடுகிறேன்? சரி, நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது குற்றமா? வேண்டுமென்றா பார்க்காமல் இருந்தேன், நாற்பதில் முப்பத்தாறு பேர் பார்க்கவில்லை, வெள்ளைக்காரன் விமானத்தில்கூடப் பார்க்காமல் இருப்பான், திடீர் என்று தோன்றினால் திடீர்தானே, எனக்குத் தோன்றியதைத்தானே நான் சொல்ல முடியும்? அதில் பொய் எங்கே இருக்கிறது? நாளைக்கு அந்த வரியைச் சொல்லலாம். எனக்குத் தெரியாமல் நடந்தது அது, தெரிந்தா செய்தேன்… இந்தச் சமாதானம் நன்றாக இருந்தது, மூச்சு கொஞ்சம் சீரானது, நடை தளர்ந்தது, குழாயடிக்குப் பக்கத்திலிருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தார்கள். மாயக்காள் சுருக்குப் பையைப் பிரித்து வெற்றிலையை எடுத்து, முந்தானையில் துடைத்து, ‘இந்தாங்க, நீங்களே தடவிக்கிருங்க, நான் தடவுனா வாய் வெந்துருச்சும்பீக’ என்று டப்பியை நீட்டினாள்.

கட்டை விரல் சுண்ணாம்பில் இறங்கியது. குளிர்ச்சி. பழகிய அளவு, நகக்கண் முனையில் ஒரு பருக்கை. விரலை வெற்றிலையில் வைக்காமல் பேயாண்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்குக் கீழே தழும்பு. பால் கேன் பறந்து வந்து கண்ணாடியில் அடித்தது, கண்ணாடி உடைந்து விழவில்லை, கீறல்தான் விட்டது, நெற்றியிலும் விரலிலும் காயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், போலீஸ் வருவதற்குள் சோணைமுத்து ஈரத் துண்டால் கண்ணாடியில் இருந்த எழுத்தைத் துடைத்துவிட்டான், விசுவாசமான பயல், நான் சொல்லாமலே செய்தான்… இப்படித்தான் மூன்றரை மாதமாகச் சொல்லி வந்தேன். நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது, சரி. விரல் எப்படிக் கிழிந்தது? இரண்டு கையும் ஸ்டியரிங்கில் அல்லவா இருந்தது, கண்ணாடி உள்ளே விழவே இல்லையே. கீறல் எங்கே ஓடியது? கண் மட்டத்துக்குச் சற்று இடதுபுறம், மேலிருந்து கீழாக, ஊர்ப் பெயர்களுக்கு நடுவில். வலது கட்டை விரலின் உள்பக்கம் அங்கே போய்க் கிழிபட வேண்டுமென்றால்… தேய்த்திருக்க வேண்டும். காயத்துக்குள் சுண்ணாம்பு போய் இரண்டு நாள் எரிந்தது, ஆஸ்பத்திரியில் போட்ட மருந்து எரிகிறது என்று இவளிடம் சொன்னேன், மருந்து அல்ல, மருந்துக்கு முன்னாலேயே எரிந்தது. கீழே இறங்கும்போதே எரிந்தது. சோணைமுத்து துண்டை நனைத்துக்கொண்டு வந்தபோது கண்ணாடியில் அவன் துடைத்தது சுண்ணாம்பை அல்ல, சுண்ணாம்பு ஏற்கெனவே இழுவி மங்கிப் போயிருந்தது, அவன் துடைத்தது ரத்தத்தை. திடீரென்று குறுக்கே வந்தவனை இடித்தவன் எதற்கு எழுத்தை அழிக்க வேண்டும்? யாரும் கேட்பதற்கு முன்னால், யாரும் பார்ப்பதற்கு முன்னால், கீழே அடிபட்டுக் கிடந்தவன் ‘டிரைவரண்ணே, டிரைவரண்ணே’ என்று பெயர் தெரியாமல் தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது?

‘வெத்தலை வாடப் போகுது’ என்றாள் மாயக்காள். ‘என்ன எண்ணுறீக விரலை ஆட்டிக்கிட்டு?’ அவன் எண்ணிக்கொண்டுதான் இருந்தான். காற்றில், கண் மட்டத்துக்குச் சற்று இடதுபுறம், கட்டை விரல் மெதுவாகப் போய் வந்துகொண்டிருந்தது, காளவாசல் ஒன்று, நாகமலை இரண்டு, செக்கானூரணி, அங்கேதான் கிழித்தது, கிழித்தும் நிற்கவில்லை, கருமாத்தூர்… வாலாந்தூருக்கு விரல் இன்னும் போகவில்லை, கீழே கூப்பிடுகிற சத்தம் நிற்கவில்லை, அவன் இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை.